தெரியாததைக் கேட்டபோது அவள் பேசினாள்: எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

ஜூலை மாதம். இரவெல்லாம் பெய்த மழை விட்டிருந்த ஒரு காலை. வழிபாட்டுக் கூட்டத்தில் தமிழ்த்தாய் வாழ்த்தும் உறுதிமொழியும் முடிந்து, குறளும் சொல்லியாகிவிட்டது. அடுத்தது செய்தி வாசிப்பு. அன்றைய முறை எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்திக்கு. மைக்கின் முன்னால் வந்து நின்றாள். செய்தி எழுதிய தாளை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தாள். வாய் திறக்கவில்லை.

"வாசி மக்களே" என்றேன். வாசிக்கவில்லை. இன்னொரு முறை சொன்னேன். பின்வரிசையில் சிறு பையன்கள் சிரிக்கத் தொடங்கினார்கள். அப்போது நான் சொன்னது இது: "நீ வாசித்து முடிக்கும்வரை இங்கிருந்து யாரும் வகுப்புக்குப் போகப்போவதில்லை." பள்ளி முழுவதும் ஈரத் தரையில் நின்றுகொண்டு அவளையே பார்த்தது. ஏறக்குறைய நான்கு நிமிடம். அவள் கையில் தாள் நடுங்குவதைப் பார்த்தேன், பார்த்தும் விடவில்லை. கடைசியில் தலைமையாசிரியர்தான் கையைக் காட்டி நாட்டுப்பண் பாடச் சொன்னார். அன்று முழுவதும் பெஞ்சில் தலை கவிழ்ந்தே இருந்தாள். மறுநாள் வரவில்லை. தொடர்ந்து ஆறு பள்ளி நாட்கள் வரவில்லை.

பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டங்களில் நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதெல்லாம் வென்ற கதைகள். கூச்சப்பட்ட பிள்ளை மேடையேறிப் பரிசு வாங்கிய கதையைப் பலமுறை கேட்டிருக்கிறேன், நானும் சொல்லியிருக்கிறேன். இந்தப் பிள்ளை மேடையேறவில்லை. மாறியது என் வகுப்பு. அதுவும் முழுமையாக மாறவில்லை. என்ன நடந்தது என்பதை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். அவளுக்கு மாற்றுப் பெயர் வைக்கவும் எனக்கு மனம் வரவில்லை. அவள் என்றே குறிப்பிடுகிறேன்.

பிள்ளையும் ஊரும்

குமரி மாவட்டத்தின் மலையோரத்தில், குலசேகரத்துக்கு அப்பால், ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் நடுநிலைப் பள்ளி. 2023-24 கல்வியாண்டு. எட்டாம் வகுப்பில் 34 பேர். நான் அறிவியல் ஆசிரியை. அந்த வகுப்பின் வகுப்பாசிரியையும் நானே. நான் பிறந்தது மாவட்டத்தின் கிழக்கே நாஞ்சில் நாட்டுப் பக்கம், வயலும் குளமும் உள்ள ஊரில்.

அவளுடைய அப்பா தனியார் தோட்டத்தில் ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. அம்மாவும் கூடப் போவார். விடியும் முன்பே, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு போய் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் ஓட்டம் குறைந்துவிடும். எனவே மூன்று மூன்றரை மணிக்கு வீடு விழித்துவிடும். தம்பியைக் கிளப்புவது, கஞ்சி வைப்பது, வீட்டைச் சுற்றியுள்ள சொந்த மரங்களில் முந்தின நாள் எடுத்து உறையவைத்த பாலை ரோலரில் விட்டு ஷீட் அடிப்பது எல்லாம் அவள் வேலை. இந்த மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. இரண்டு மழையிலும் வெட்டு நிற்கும். வெட்டு நின்றால் கூலியும் நிற்கும்.

வகுப்பில் ஜன்னலோரம், மூன்றாவது பெஞ்ச். கேள்வி கேட்டால் எழுந்து நிற்பாள், பதில் வராது. பக்கத்துப் பெண்ணோடு மெதுவாகப் பேசுவாள், சிரிக்கவும் செய்வாள். வீட்டுப்பாடம் தவறியதில்லை. எழுத்துத் தேர்வில் வகுப்பின் முதல் ஐந்து பேரில் ஒருத்தி.

அவள் வராத அந்த ஆறு நாட்களில் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். மதிப்பெண்ணில் 60 தொகுத்தறி மதிப்பீட்டுக்கு, அதாவது எழுத்துத் தேர்வுக்கு; 40 வளரறி மதிப்பீட்டுக்கு, அதாவது பாடம் நடக்கும்போதே மதிப்பிடுவதற்கு. அந்த 40-இல் பாதி, வளரறி (அ), செயல்பாடுகளுக்கானது. பிள்ளை செய்து காட்டலாம், தொகுத்து வரலாம், வரையலாம், உரையாடலாம். எதற்கு எவ்வளவு என்பது பெரும்பாலும் ஆசிரியரின் கையில் இருக்கிறது. நான் அந்த 20-ஐயும் வாய்ப்பேச்சுக்கே கொடுத்துவந்திருக்கிறேன். அவளை ஏழாம் வகுப்பிலும் நான்தான் நடத்தினேன். கடைசிப் பருவத்தில் எழுத்துத் தேர்வில் 60-க்கு 54 வாங்கியவளுக்கு வளரறி (அ)-வில் 20-க்கு 9. அதே பக்கத்தில், எழுத்தில் 31 வாங்கிய ஒரு பையனுக்கு 18. அவன் நன்றாகப் பேசுவான். அவள் பெயருக்கு எதிரே குறிப்பு: "ஈடுபாடு இல்லை." ஈடுபாடு இல்லாத பிள்ளை எப்படி 54 வாங்கும் என்று எழுதும்போது என் கை நிற்கவே இல்லை. அந்தப் பக்கத்தைப் பார்த்தபோது, மைக்கின் முன்னால் அவளை நிறுத்தியது ஒரு நாள் கோபத்தில் நடந்ததல்ல என்று விளங்கியது. ஓராண்டாகப் பேனாவால் செய்துவந்ததை அன்று வாயால் செய்திருக்கிறேன்.

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. அதன் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையை மட்டுமல்ல, மனத்துன்பம் தருவதையும் தடுக்கிறது. பிரம்பைத் தொடாத ஆசிரியை என்று எனக்கு ஊரில் நல்ல பெயர் உண்டு. அந்த நான்கு நிமிடங்களுக்குச் சட்டத்தில் என்ன பெயர் என்பதை யோசிக்காமலேயே அந்த நல்ல பெயரை வைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில்

ஏழாம் நாள் மாலை அவள் வீட்டுக்குப் போனேன். பஸ் நிற்கும் இடத்திலிருந்து தோட்டத்துக்குள் இருபது நிமிட ஏற்றம். காலில் அட்டை ஏறியது. அவளுடைய அம்மா என்னைக் கண்டதும் பதறிப்போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்; கட்டன் சாயா வந்தது. அவள் உள்ளே இருந்தாள், வெளியே வரவில்லை.

"காய்ச்சல் ஒன்றும் இல்லை டீச்சரே. போகமாட்டேன் என்றாள், விட்டுவிட்டோம்" என்றார் அம்மா. என்மேல் குற்றம் சொல்லவில்லை. அது இன்னும் சங்கடமாக இருந்தது. "சின்னதிலேயே அவள் அப்படித்தான். அவளுடைய பாட்டாவும் (தாத்தாவும்) அப்படித்தான் இருந்தார். பேச வேண்டியது இருந்தால் பேசுவாள்."

தன்னம்பிக்கை, எதிர்காலம் என்று சொல்வதற்குச் சில வாக்கியங்களை வழியிலேயே தயாரித்துக்கொண்டு போயிருந்தேன். அந்த முற்றத்தில் அவை எதுவும் வாயில் வரவில்லை. கொடியில் ரப்பர் ஷீட்டுகள் தொங்கின. மற்றவை வழவழப்பாக இருக்க, ஒன்றில் மட்டும் உள்ளே பொடிப்பொடியாகக் குமிழிகள் தெரிந்தன. பேச்சை மாற்றுவதற்காக அல்ல, உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டேன்: "இதில் மட்டும் ஏன் இப்படி இருக்கிறது?"

பதில் கதவுக்குப் பின்னாலிருந்து வந்தது. "அது மழைத்துளி விழுந்த பால், டீச்சர். வடிகட்டுவதற்கு முன்பே திரியத் தொடங்கிவிட்டது."

அப்புறம் என்ன ஆகும் என்று கேட்டேன். வெளியே வந்தாள். திரிந்த பாலில் ஷீட் அடித்தால் குமிழி விழும், அதற்கு விலை குறைவு என்றாள். பாலில் எவ்வளவு தண்ணீர் சேர்ப்பது, ஆசிட் கூடினால் கட்டி இறுகி ரோலரில் பிடிக்காமல் போவது, குறைந்தால் தளர்ந்து கிழிவது எல்லாவற்றையும் சொன்னாள். சிரட்டையின் ஓரத்தில் ஒட்டி உலர்ந்த ஒட்டுப்பாலை ஏன் தனியாகச் சேர்க்க வேண்டும் என்று விளக்கினாள். ரோலரைச் சுற்றிக் காட்டினாள். பத்து நிமிடத்துக்கு மேல் பேசியிருப்பாள். நடுநடுவே நிறுத்துவாள், சொல் தேடுவாள், பிறகு தொடர்வாள். நான் எதையும் நிரப்பவில்லை. நிரப்ப எனக்கு எதுவும் தெரியாது. ஓராண்டுக்கு மேலாக என் வகுப்பில் இருந்த பிள்ளையின் குரல் கனமானது, சற்றுக் கரகரப்பானது என்பதை அன்றுதான் அறிந்தேன்.

இறங்கி வரும்போது ஒன்று உறைத்தது. வகுப்பில் நான் கேட்கும் கேள்விகளில் எனக்கு விடை தெரியாத கேள்வி ஒன்றுகூடக் கிடையாது. நான் கேட்பது தெரிந்துகொள்வதற்காக அல்ல, பிள்ளைக்குத் தெரியுமா என்று பார்ப்பதற்காக. அது பேச்சல்ல, தேர்வு. நாள் முழுவதும், எல்லோர் முன்னிலையிலும் நடக்கும் தேர்வு. வாயாடும் பிள்ளைகளுக்கு அது விளையாட்டு, தவறினாலும் சிரித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். இவள் அந்த விளையாட்டுக்கு வரவில்லை. உண்மையில் தெரியவேண்டி ஒருவர் கேட்டபோது, கேட்டது அவமானப்படுத்தியவளே ஆனாலும், பேசினாள்.

பழைய காயமா, பிறவிக் குணமா

அவள் திரும்பி வந்த பிறகு, பக்கத்து பெஞ்சுப் பெண் ஒரு செய்தி சொன்னாள். கொரோனாவுக்காக மூடிய பள்ளிகள் ஏறத்தாழ இருபது மாதங்களுக்குப் பிறகு, 2021 நவம்பர் 1-ஆம் தேதி ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்குத் திறந்தன. இவர்கள் அப்போது ஆறாம் வகுப்பு. முதல் வாரத்தில் ஒரு நாள் இவள் எழுந்து, "வெள்ளம் குடிக்கப் போகட்டுமா?" என்று கேட்டிருக்கிறாள். "வெள்ளத்தில் போய்விடாதே, தண்ணீர் குடித்துவிட்டு வா" என்று பதில் வந்திருக்கிறது. வகுப்பு சிரித்தது. அதற்குப் பின் சில வாரங்கள் அவளை எல்லோரும் அந்தச் சொல்லாலேயே கூப்பிட்டார்கள்.

இந்த மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் குடிநீர் வெள்ளம்தான். பலாப்பழம் சக்கை, நினைவு ஓர்மை, மரவள்ளி மரச்சீனி. 1956 நவம்பர் 1-ஆம் தேதி திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்த மண் இது. இரண்டு மொழிகளின் ஓரமும் இங்கே ஒன்றோடொன்று தைத்துக்கிடக்கிறது. வீட்டில் அம்மா பேசும் சொல்லைத்தான் பிள்ளை பள்ளிக்குக் கொண்டுவருகிறது. நாஞ்சில் நாட்டிலிருந்து வந்த நானும் மேற்குப் பேச்சைக் கேட்டு முதல் ஆண்டில் புன்னகைத்தது உண்டு. அந்தப் புன்னகை எத்தனை வாய்களை மூடியதோ தெரியாது. எழுத்துத் தமிழைக் கற்பிக்க வேண்டும். வீட்டுச் சொல்லைச் சிரிப்புக்கு ஆளாக்கித்தான் அதைக் கற்பிக்க வேண்டும் என்றில்லை.

காரணம் கிடைத்துவிட்டது என்று எனக்கு நிம்மதி. தலைமையாசிரியரிடம் போய்ச் சொன்னேன். அவர் நிதானமானவர். "அம்மா சொன்னதையும் நினைத்துப் பாருங்கள் டீச்சர். சின்னதிலேயே அப்படித்தான் என்றாரே. ஒரே காரணத்தில் ஒரு பிள்ளையை அடக்கிவிடாதீர்கள்" என்றார். அவர் சொன்னது சரி. உள்முகம், வெளிமுகம் என்று மனித இயல்புகளைப் பிரித்து 1921-இல் உளவியலாளர் கார்ல் யுங் எழுதியபோது, ஒன்றை நலம் என்றும் மற்றதை நோய் என்றும் அவர் சொல்லவில்லை. இவளுடைய அமைதியில் ஒரு பகுதி பாட்டாவிடமிருந்து வந்தது; அதற்கு மருந்து தேவையில்லை. ஒரு பகுதி அந்தச் சிரிப்பிலிருந்து வந்தது. ஒரு பகுதி மூன்றரை மணிக்கு எழுந்த உடம்பின் களைப்பு. நான் சேர்த்தது நான்கு நிமிடம். நான் திருத்தக்கூடியது எது என்று பார்த்தால், அவளிடம் எதுவும் இல்லை. என்னிடமும் வகுப்பிடமும்தான் இருந்தது.

வகுப்பில் செய்தவை

முதலில் மன்னிப்பு. வழிபாட்டுக் கூட்டத்திலேயே கேட்டுவிடலாமா என்று நினைத்தேன். பக்கத்து வகுப்பு டீச்சர்தான் தடுத்தார்: "மறுபடியும் எல்லோரும் அவளைத்தானே அக்கா பார்ப்பார்கள்?" எனவே சத்துணவு நேரத்தில் அவளைத் தனியே பார்த்துச் சொன்னேன். தலையசைத்தாள், அவ்வளவுதான். மறுவாரத்திலிருந்து செய்தி வாசிப்பு முறைவரிசையை எடுத்துவிட்டோம். விருப்பமுள்ளவர்கள் பெயர் தருவார்கள், இருவராகவும் வந்து வாசிக்கலாம். யார் பெயரையும் சொல்லாமல், பள்ளியின் முடிவாக அறிவித்தோம்.

அடுத்து என் வகுப்பையே கவனித்தேன். ஒரு வாரம், யார் யார் பதில் சொல்கிறார்கள் என்று வருகைப் பட்டியலில் புள்ளி வைத்துவந்தேன். 34 பேரில் 7 பேரிடம்தான் புள்ளிகள் குவிந்திருந்தன. 13 பெயர்களுக்கு நேரே ஒரு புள்ளிகூட இல்லை. அவள் மட்டும்தான் அமைதியான பிள்ளை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். "புரிந்ததா?" என்று கேட்டால் "புரிந்தது டீச்சர்" என்று வகுப்பே இழுத்துப் பாடும், அந்தப் பாட்டில் 13 பேர் கரைந்துபோயிருந்தார்கள்.

மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில் வகுப்பறைகளைப் பதிவுசெய்து கேட்டு ஒன்றைக் கண்டறிந்தார். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சுமார் ஒரு வினாடிதான் காத்திருக்கிறார்கள். அதற்குள் பதில் வராவிட்டால் கேள்வியை மாற்றுகிறார்கள், அல்லது வேறொருவரிடம் போய்விடுகிறார்கள். 3 வினாடிக்கு மேல் காத்திருந்தால் பதில்கள் நீள்கின்றன, பதிலே வராமல் போவது குறைகிறது, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேச வருகிறார்கள். பி.எட். படித்தபோது இதைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்திருக்கிறேன். செய்து பார்த்தபோதுதான் 3 வினாடி எவ்வளவு நீளம் என்று தெரிந்தது. முதல் நாள் இரண்டுக்குள் என் வாய் திறந்துவிட்டது. பிறகு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு விரல்களை மடக்கி எண்ணினேன். கை தூக்கிய உடனே யாரையும் அழைப்பதில்லை, எல்லோரும் முதலில் நோட்டில் எழுத வேண்டும் என்றேன். முன்பெஞ்சுப் பையன்களுக்கு இது பிடிக்கவில்லை. இரண்டு வாரம் முணுமுணுத்தார்கள்.

1981-இல் அமெரிக்கக் கல்வியாளர் ஃபிராங்க் லைமன் சொன்ன முறையையும் எடுத்துக்கொண்டேன்: முதலில் தனியே யோசி, பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் சொல், அதன் பின்தான் வகுப்புக்கு. இதில் ஒரு சிறு திருத்தம் செய்தேன். வகுப்பில் சொல்லும்போது தன் விடையைச் சொல்லக்கூடாது, பக்கத்தில் இருப்பவர் சொன்ன விடையைச் சொல்ல வேண்டும். அவளுடைய கருத்துகள் முதன்முதலாக வகுப்பில் ஒலித்தது பெஞ்சுத் தோழியின் குரலில்தான். பேசியவர்கள் கேட்கக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. அந்த 18 மதிப்பெண் பையனுக்குப் பக்கத்தில் இருப்பவன் சொன்னது ஒரு வாரம் வரை நினைவில் நிற்கவே இல்லை.

எல்லாவற்றிலும் மேலாகப் பயன்பட்டது கேள்விச் சீட்டு. பாடம் முடிந்ததும் ஐந்து நிமிடம். கால் தாளில், தனக்கு உண்மையாகவே தெரியாத ஒன்றை ஒவ்வொருவரும் எழுதித் தர வேண்டும். பெயர் எழுதுவது அவரவர் விருப்பம். விடை தெரிந்த கேள்வி செல்லாது. எனக்கும் விதி உண்டு: தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்ல வேண்டும்.

அமிலமும் காரமும் பாடம் நடத்திய வாரத்தில் ஒரு சீட்டு வந்தது. பெயர் இல்லை, கையெழுத்து அவளுடையது. "மழைக்காலத்தில் அம்மா சிரட்டையில் ஒரு மருந்து சொட்டு விடுவார். மூக்கில் ஏறும். அதை விட்டால் பால் கட்டியாகாது. ஆசிட் விட்டால் உடனே கட்டியாகும். இரண்டும் மருந்துதானே, ஏன் ஒன்று கட்டுகிறது, ஒன்று கட்டவிடாமல் வைக்கிறது?"

எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். மறுநாள் படித்துவிட்டு வந்தேன். மூக்கில் ஏறுவது அம்மோனியா, காரம். பாலில் மிதக்கும் ரப்பர்த் துகள்களைச் சுற்றிப் புரதம் இருக்கிறது. அதன் எதிர்மின்னூட்டத்தால் துகள்கள் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு சேராமல் மிதக்கின்றன. அமிலம் சேர்ந்தால் அந்த மின்னூட்டம் அடங்கிப்போகும், துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பாலை அப்படியே விட்டாலும் நுண்ணுயிரிகள் அமிலத்தை உண்டாக்கிவிடும், அதனால்தான் தானாகவே திரிகிறது. அம்மோனியா அதைத் தடுத்து நிறுத்துகிறது. வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் ரப்பர் உண்டு. தினமும் ஆசிட்டைத் தொடும் பிள்ளைகளுக்கு, அமிலம் என்றால் எலுமிச்சையும் புளியும் என்று இத்தனை ஆண்டுகள் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன்.

வளரறி (அ) செயல்பாடாக இதையே வைத்தேன். பேசியோ எழுதியோ வரைந்தோ செய்துகாட்டியோ தரலாம். எல்லாவற்றுக்கும் ஒரே மதிப்பெண். அவளும் தோழியும் ஒரு பாட்டிலில் பால் கொண்டுவந்தார்கள். தோழி விளக்கினாள், அவள் செய்தாள். இரண்டு கண்ணாடிக் குவளைகள். ஒன்றில் வினிகர், மற்றதில் அம்மோனியா. லிட்மஸ் தாளை நனைத்துக் காட்டினாள். வினிகர் ஊற்றிய குவளையில் பால் திரண்டபோது பையன்கள் எட்டிப் பார்த்துக் குச்சியை நீட்டினார்கள். "கிளறாதே. இன்னும் கொஞ்சம் பொறு" என்றாள். வகுப்புக்கே கேட்கும்படி அவள் சொன்ன முதல் வாக்கியம் அது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நானும் பாராட்டவில்லை, பாராட்டினால் அதுவும் இன்னொரு மைக் ஆகியிருக்கும்.

தவறிப்போனவை

இரண்டு முயற்சிகள் கெட்டன. பேச விருப்பமில்லாத நாளில் மேசைமேல் மஞ்சள் அட்டை வைத்தால் கேள்வி கேட்க மாட்டேன் என்று சிலரிடம் தனியாகச் சொன்னேன். மூன்றாம் நாளே மற்றவர்கள் கண்டுபிடித்து "மஞ்சள் அட்டை" என்று கேலி செய்யத் தொடங்கிவிட்டார்கள். காப்பாற்ற நினைத்து அடையாளம் குத்தியிருந்தேன். அட்டைகளை வாங்கி வைத்துவிட்டேன். இன்னொன்று, பொறுப்புக் கொடுத்தால் பேச்சு வரும் என்று அவளைக் குழுத்தலைவி ஆக்கியது. நான்கு பேர் செய்ய வேண்டிய வேலையைத் தனியாகச் செய்து முடித்துக்கொண்டு வந்தாள். மற்ற மூவரும் பெயர் எழுதிக் கொடுத்தார்கள்.

எல்லா மௌனமும் ஒன்றல்ல

இதே ஆண்டில் ஆறாம் வகுப்பில் ஒரு பையன். அவனையும் இவளைப்போல விட்டுவைத்தால் போதும் என்று எண்ணினேன். அது தவறாக முடியவிருந்தது. இவள் தோழியோடு பேசுவாள். அவன் பள்ளியில் ஒருவரோடும் பேசவில்லை, விளையாட்டிலும் இல்லை. சிறுநீர் கழிக்கப் போக வேண்டும் என்பதைக்கூடச் சொல்ல முடியாமல் உடையை நனைத்துக்கொண்டான். வீட்டிலோ ஓயாமல் பேசுகிறான் என்றார் அம்மா. பள்ளி சேர்ந்த முதல் மாதத்துக் கூச்சம் அல்ல, பருவம் முழுவதும் நீடித்தது. இப்படிச் சில இடங்களில் மட்டும் பேச்சே எழாமல் போவதை, அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட வகைப்பாடு பதற்றக் கோளாறுகளில் சேர்த்திருக்கிறது. முன்பு அதற்கு, பிள்ளை வேண்டுமென்றே பேசாமல் இருப்பதுபோல் பொருள்படும் பெயர் இருந்தது. 1994-இல் அந்தப் பெயரை மாற்றினார்கள். வேண்டுமென்று அல்ல, பேச முடியவில்லை. பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் காட்டி, ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினோம். பெற்றோர் முதலில் தயங்கினார்கள், பிறகு போனார்கள். சிகிச்சை மெல்ல நடக்கிறது. மற்றொரு சிறுமி பதில் சொல்லாமல் இருந்ததற்குக் காரணம் காதில் நாள்பட்ட சீழ். அவளுக்குக் கேள்வியே சரியாகக் கேட்டிருக்கவில்லை.

இன்னொரு மௌனத்தையும் எனக்குத் தெரியும். இந்தப் பள்ளிக்கு வருவதற்கு முன் மேற்குக் கடற்கரையில் வேலை பார்த்தேன். 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஓகி புயல் கடந்தபோது தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, பூத்துறைப் பக்கம் ஆழ்கடலுக்குப் போனவர்கள் பலர் திரும்பவில்லை. அதன் பின் பல மாதங்கள் யார் யாரோ பள்ளிக்கு வந்தார்கள். நல்ல மனத்தோடுதான் வந்தார்கள். பிள்ளைகளை உட்காரவைத்து, "மனத்தில் உள்ளதைச் சொல்லுங்கள்" என்றார்கள். ஒரு பையன் தலை நிமிராமல் பென்சிலைச் சீவிக்கொண்டே இருந்தான். முழுப் பென்சிலும் தீர்ந்துபோயிற்று. அவனைத் தனியே விடுங்கள் என்று சொல்ல எனக்கு அன்று தைரியம் இல்லை. இன்று இருந்தால் சொல்வேன்.

ஒரு நியாயமான எதிர்ப்பு

சமூக அறிவியல் சார் என்னோடு உடன்படவில்லை. "நாளைக்கு நேர்முகத் தேர்வில் கேள்விச் சீட்டா கொடுப்பார்கள்? இந்தப் பிள்ளைகளுக்குப் பணமில்லை, சிபாரிசு இல்லை. வாய் ஒன்றுதான் இருக்கிறது. அதையும் நீங்கள் மூடிவைக்கிறீர்கள்" என்றார். தோட்டத் தொழிலாளியின் மகனாக வளர்ந்து, பேசிப் பேசி மேலே வந்தவர் அவர். 2011 கணக்கெடுப்பில் 91.75 விழுக்காடு எழுத்தறிவோடு தமிழ்நாட்டில் முதலிடத்தில் இருந்த மாவட்டம் இது. இங்கே பெற்றோர் ஒரு பள்ளியை எடைபோடுவது ஆண்டுவிழா மேடையில் பிள்ளைகள் பேசும் பேச்சை வைத்துத்தான் என்பதும் அவருக்குத் தெரியும். அவருடைய கவலையை நான் தள்ளிவிடவில்லை. பேச்சு ஒரு திறன், அதைக் கற்பிக்க வேண்டும். ஆனால் நீந்தத் தெரியாத பிள்ளையைப் பேச்சிப்பாறை அணையில் தள்ளிவிட்டு அதை நீச்சல் வகுப்பு என்று சொல்ல முடியாது. கல்வி உரிமைச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு, பிள்ளையை அச்சத்திலிருந்தும் பதற்றத்திலிருந்தும் விடுவிப்பதையும், தன் கருத்தைத் தாராளமாகச் சொல்ல உதவுவதையும் ஒரே வரியில் வைக்கிறது. அச்சம் நீங்குவதுதான் அதில் முதலில் வருகிறது.

அவர் சொன்னதில் ஒன்று என்னைத் தூங்கவிடவில்லை. "யாராவது அவளிடம் தப்பாக நடந்தால் அப்போதும் சீட்டா எழுதுவாள்?" ஆம், எழுத வேண்டும்; அதற்கு வழி இருக்க வேண்டும். பள்ளியில் "மாணவர் மனசு" பெட்டி இருக்கிறது, ஆனால் தலைமையாசிரியர் அறைக்கு நேர் எதிரே இருந்தது. எல்லோரும் பார்க்கப் போய் எந்தப் பிள்ளை சீட்டுப் போடும்? தண்ணீர்த் தொட்டிப் பக்கம் மாற்றினோம். குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வி உதவி எண் 14417 இரண்டையும் ஒவ்வொருவர் நோட்டின் கடைசிப் பக்கத்திலும் எழுதச் சொன்னேன். வேண்டாம், வலிக்கிறது, எனக்குப் பிடிக்கவில்லை என்ற மூன்றையும் உரக்கச் சொல்லும் பயிற்சியை மட்டும் யாருக்கும் விலக்கில்லாமல் வைத்தேன். எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தும்போது அவளும் கத்தினாள்.

ஆண்டு முடிவில்

ஆண்டின் கடைசி மாதங்களில் மறுபடி ஒரு வாரம் புள்ளி வைத்தேன். புள்ளியே இல்லாத பெயர்கள் 13-லிருந்து 4 ஆகியிருந்தன. அவளுக்கு அந்த வாரத்தில் இரண்டு புள்ளிகள். கேள்விச் சீட்டுகளோ ஆண்டு முழுவதும் ஒன்றுவிடாமல் கொடுத்தாள். நாற்பதுக்கு மேற்பட்டவை என்னிடம் இருக்கின்றன. தேசிய வருவாய் வழி உதவித்தொகைத் தேர்வு எழுத விருப்பம் என்பதையும் ஒரு சீட்டில்தான் தெரிவித்தாள். எழுதினாள், தேர்ச்சிப் பட்டியலில் பெயர் வரவில்லை. இரண்டு நாள் இன்னும் அதிகமாக அமைதியாக இருந்தாள், மூன்றாம் நாள் தவறிய கணக்குகளை நோட்டில் போட்டுக்கொண்டு வந்தாள். செய்தி வாசிக்க ஒருமுறைகூடப் பெயர் தரவில்லை. அவள் வளரறி (அ) மதிப்பெண் 19. குறிப்புப் பகுதியில் எழுதியது: "செய்துபார்த்துச் சிந்திக்கிறாள். கேள்விகள் ஆழமானவை. விடைக்கு நேரம் கொடுத்தால் தெளிவாகச் சொல்வாள்."

இப்போது வேறு ஊரில், உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறாள். இதை எழுதி முடித்ததும் அவளுடைய அம்மாவிடம் கொடுத்து, அவள் வாசித்து, வேண்டாம் என்றால் வெளியிடமாட்டேன் என்று சொல்லியனுப்பினேன். ஒரு வாரம் கழித்துத் தாள்கள் திரும்பி வந்தன. வெள்ளம் என்ற சொல்லைப் பற்றிய பத்தியில் எதையும் தொடவில்லை. ரப்பரைப் பற்றிய ஓரிடத்தில் நான் தப்பாக எழுதியிருந்ததைப் பென்சிலால் திருத்தியிருந்தாள். வேறு இரண்டு இடங்களைக் கோடு போட்டு அடித்து, ஓரத்தில் "இது வேண்டாம் டீச்சர்" என்று எழுதியிருந்தாள். அந்த இரண்டு இடங்களும் இதில் இல்லை.